கிளைக்கதையைக் கிள்ளி எறியலாமா?

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (தாவரவியல்)

கதை கேளாத மனிதன் இல்லை. கதை சொல்லாத வீடும் இல்லை. ஆனால் எந்தக் கதையைக் கேட்பது, எந்தக் கதையைத் தள்ளுவது என்பதில் நமக்குள் எத்தனையோ கருத்து வேற்றுமைகள்! அதைப் பற்றிய என் எண்ணத்தை இம்மலரில் வைக்கத் துணிகிறேன். வயதிலும் அறிவிலும் மூத்த பேராசிரியப் பெருமக்கள் படிக்கும் மலர் இது. சொல்லில் பிழை இருப்பின் பொறுத்தருள வேண்டுகிறேன். கருத்தை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

தென்காசியிலிருந்து கல்லூரிக்கு வரும் காலைப் பேருந்தில் இப்போதெல்லாம் படியில் தொங்குவோரைவிட அலைபேசியில் தொங்குவோரே அதிகம். அவர்களுள் நானும் ஒருவன். ஜப்பான் நாட்டு அனிமே தொடர்கள் என்றால் எங்கள் கூட்டத்திற்கு உயிர். ‘நருட்டோ’ என்னும் தொடர் 2022இல் தமிழ் பேசிக்கொண்டு சோனி யே தொலைக்காட்சிக்கு வந்தபோது, என் தம்பி பள்ளிப்பையைக்கூடக் கழற்றாமல் பெட்டிமுன் உட்கார்ந்துவிடுவான். அவனுக்குத் துணையாக உட்கார்ந்த நான் அவனைவிடப் பெரிய ரசிகன் ஆனேன்.

ஒருநாள் பேருந்தில் நண்பன் ஒருவன் தன் அலைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினான். அதில் ஒரே எண்களாக இருந்தன. “இதுல இருக்கிற நம்பர் எதையும் பாக்காத. எல்லாம் ஃபில்லர். இடையில சும்மா சொருகினது. மெயின் கதை கிடையாது. தாண்டிப் போயிரு” என்றான். இது நருட்டோவுக்கு மட்டும் இல்லை, ஒவ்வொரு தொடருக்கும் இப்படி ஒரு பட்டியல் உண்டாம். உலகம் முழுவதும் இளைஞர்கள் இதை வைத்துக்கொண்டுதான் பார்க்கிறார்களாம்.

அந்தப் பட்டியலைப் பார்த்ததும் எனக்கு வேறொரு பட்டியல் நினைவுக்கு வந்தது. சென்ற ஆண்டு கல்லூரி நாள் விழாவில் நாங்கள் போட்ட நாடகத்தின் காட்சிப் பட்டியல் அது. அதில் ஒரு காட்சியின்மேல் சிவப்பு மையால் குறுக்குக் கோடு இழுக்கப்பட்டிருந்தது. கோட்டை இழுத்தவன் நான்.

நடந்தது இதுதான். அருச்சுனன் தீர்த்த யாத்திரையை அரைமணி நேர நாடகமாக எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. நான் அதில் பன்னிரண்டு நிமிடம் அல்லி அரசாணிக்கு ஒதுக்கியிருந்தேன். அல்லியாக நடிக்க எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி ஒரு மாதம் பாடுபட்டாள். அவளும் என்னைப் போலவே தன் வீட்டிலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். கடைசி ஒத்திகையைப் பார்த்த பெரியவர் ஒருவர், “அல்லி வியாசர் பாரதத்தில் இல்லையே! அது கிளைக்கதை, பாமரர் கட்டியது. நேரமும் போதாது, எடுத்துவிடுங்கள்” என்றார். எனக்கு மறுத்துப் பேச நா எழவில்லை. தலையாட்டினேன். விழா அன்று அல்லி, மேடைக்குப் பக்கத்தில் நின்று திரைக்கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தாள்.

அன்றிரவு வீட்டுக்குப் போனேன். ஆச்சி திண்ணையில் விழித்துக்கொண்டிருந்தாள்.

“அல்லி வந்தாளாலே?”

“இல்ல ஆச்சி. நேரமில்லன்னு எடுத்துட்டோம்.”

ஆச்சி சற்றுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “நேரமில்லையா, மனசில்லையா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டாள்.

அந்தக் கேள்விக்கு விடை தேடி ஓராண்டாக அலைந்தேன். அலைந்ததில் கண்டவற்றையே கீழே எழுதுகிறேன்.

முதலில் ஜப்பானியர் கதைக்கே வருவோம். கிஷிமோட்டோ மசாஷி என்பவர் வார இதழில் வரைந்த சித்திரத் தொடர்தான் நருட்டோ. அது தொலைக்காட்சித் தொடராக 2002 முதல் 2007 வரை 220 பகுதிகள் ஓடியது. வாரந்தோறும் ஓடும் தொலைக்காட்சி, மெல்ல மெல்ல வரையும் ஓவியரை எட்டிப் பிடித்துவிட்டது. ஓவியர் மேலே வரையும்வரை என்ன செய்வது? நிகழ்ச்சியை நிறுத்த முடியாது. ஆகவே மூலத்தில் இல்லாத கதைகளை அவர்களே புனைந்து நிரப்பினார்கள். 80க்கும் மேற்பட்ட பகுதிகள் இப்படி நிரம்பின. ரசிகர்கள் ‘ஃபில்லர்’ என்று ஏசுவது இவற்றைத்தான்.

இன்னொரு வகையும் உண்டு. தொலைக்காட்சிக்கு என்று எடுக்காமல், நேரே ஒளிநாடாவில் விற்பதற்கென்றே எடுக்கும் படங்கள். 1983 டிசம்பரில் வெளிவந்த ‘டல்லோஸ்’ இவ்வகையில் முதலாவது. நாளடைவில் இது, பெரிய தொடர் ஒன்றை முடித்துவிட்டு ரசிகருக்குக் கொசுறாகக் கொடுக்கும் பக்கக்கதையாகவும் ஆயிற்று. கத்தரிக்காய் வாங்கினால் கறிவேப்பிலை தருவதுபோல, சித்திரக்கதைப் புத்தகத்தின் சிறப்புப் பதிப்பை வாங்கினால் ஓர் ஒளித்தட்டு இலவசம்! பாகு போன்ற ஒரு ஸ்லைமாக மறுபிறவி எடுத்தவன், கடைசியில் ஒரு நாட்டையே உருவாக்கும் மாயாஜாலத் தொடர் ஒன்று உண்டு. அதற்கும் இப்படிக் கொசுறுகள் வந்தன. அதோடு நில்லாமல் 2021இல் ‘ஸ்லைம் டைரிஸ்’ என்று பன்னிரண்டு பகுதிகள் தனியாகவே வந்தன. அதில் பெரும்போர் இல்லை; உலகை அழிக்க வரும் அரக்கன் இல்லை. அந்த ஊர்வாசிகளின் அன்றாடமும் பருவங்களும் கொண்டாட்டங்களுமே கதை. பெரிய தொடரில் தளபதிக்குப் பின்னால் கூட்டமாக நின்றவர்களுக்கு இதில் பெயரும் பேச்சும் சிரிப்பும் கிடைத்தன.

நண்பன் தாண்டச் சொன்ன எண்களை நான் தாண்டவில்லை. அவற்றுள் ஒரு கதை நெஞ்சில் நின்றுவிட்டது. காரசாரமான குழம்பு வைத்துக் கடை நடத்தும் ஒரு மூதாட்டி. அந்தக் குழம்பைத் தின்றுதான் வீரனொருவன், பயிற்சியில் விழுந்துகிடந்தவன், முன்பு உயிர்தேறி எழுந்தானாம். அவளுடைய மகனோ கடையை விட்டுவிட்டுக் கொள்ளைக் கூட்டத்தோடு போய்ச் சேர்ந்துவிட்டான். அவனை மீட்க வேண்டும். அவ்வளவுதான் கதை. மூலநூலில் அந்த மூதாட்டிக்கு இடமில்லை. கதாநாயகனுடைய இலட்சியப் பாதையில் குழம்புக்கடை குறுக்கே வராது. ஆனால் உலகில் கதாநாயகர்கள் எத்தனை பேர்? அடுப்படியில் நின்று அவர்களுக்குச் சோறிட்டவர்கள் எத்தனை பேர்?

நண்பர்களே, இது ஜப்பானியர் கண்டுபிடித்த வித்தை என்று எண்ணிவிட வேண்டாம். நம் நாட்டில் இது பழைய சரக்கு. மகாபாரதத்தின் ஆதி பருவமே ஒரு கணக்குத் தருகிறது. உபாக்கியானங்கள், அதாவது கிளைக்கதைகள், நீங்கலாகப் பாரதம் 24,000 சுலோகம். எல்லாம் சேர்ந்தால் நூறாயிரம் என்பது மரபு. நண்பனின் பட்டியலை வியாசரிடம் கொண்டுபோய்க் கொடுத்தால் முக்கால் பாரதத்துக்கு ஆபத்து வந்துவிடும்!

அப்படிப் போவன எவை? சூதில் நாட்டை இழந்து காட்டில் கலங்கியிருந்த தருமனுக்குப் பிருகதசுவ முனிவர் சொன்ன கிளைக்கதைதான் நளன் கதை. மார்க்கண்டேயர் சொன்ன கிளைக்கதைதான் சாவித்திரி கதை. சகுந்தலை கதையும் ஆதி பருவத்துக் கிளையே. அதை எடுத்துக் காளிதாசன் உலகம் வியக்கும் நாடகம் ஆக்கினான். நளன் கதையை எடுத்துப் புகழேந்தி வெண்பாவாக்கினார். அது மூலப்போர்க்களத்தைச் சேர்ந்ததன்று என்று எந்தத் தமிழாசிரியரும் நளவெண்பாவைப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கியதாக நான் கேட்டதில்லை.

சரி, கிளைக்கதை குற்றமில்லை என்றால் அல்லி மட்டும் ஏன் குற்றவாளி? பாமரர் கட்டியது என்பதாலா?

அல்லி எங்கிருந்து வந்தாள் என்று பார்ப்போம். வியாசர் பாரதத்தில் தீர்த்த யாத்திரை போன அருச்சுனன், மணலூர் மன்னன் மகள் சித்திராங்கதையை மணக்கிறான். அவளுக்குப் பிறக்கும் மகன் தன் அரசுக்கே வாரிசாக வேண்டும் என்பது பெண்ணைப் பெற்ற தந்தையின் நிபந்தனை. வில்லிபுத்தூரார் தமிழில் பாடும்போது அவள் பாண்டியன் மகள் ஆகிவிடுகிறாள். அதற்கும் கீழே இறங்கி மக்கள் வாய்க்கு வந்தபோது அவள் அல்லியாகிவிட்டாள். தந்தை நிபந்தனை பேசத் தேவையில்லாமல் மதுரையைத் தானே ஆண்டாள். அமைச்சும் பெண், படையும் பெண், காவலும் பெண். ஆணென்றால் அருகில் விடாத அரசி! வடக்கிலிருந்து வந்த ஒரு சிறு கிளையை நம் மக்கள் தங்கள் மண்ணில் ஊன்றி, வேர்விட வைத்து, தனிமரமாகவே வளர்த்துவிட்டார்கள்.

அந்த மரத்திலும் கிளைகள் பிரிந்தன. அல்லிக்கும் அருச்சுனனுக்கும் பிறந்த புலந்திரன், விளையாடப் பவளத்தேர் வேண்டும் என்று அழுதான். பவளம் தேடிப் புறப்பட்ட அருச்சுனன் பவளக்கொடியைக் கண்டான். அது பவளக்கொடி மாலை. மகன் வளர்ந்து செய்த காதல், புலந்திரன் களவு மாலை. இவற்றையும் புகழேந்தியார் பெயரிலேயே அச்சிட்டார்கள். நளவெண்பா பாடியவர் இவற்றைப் பாடவில்லை என்பது ஆராய்ச்சியாளர் முடிவு. பாடியவர் பெயர் நமக்குத் தெரியாது. பெயர் தெரியாதவர்கள் சேர்ந்து பாடியது என்பதில் எனக்கொரு மகிழ்ச்சி உண்டு.

இந்தக் கிளைகள் எவ்வளவு தூரம் பரவின தெரியுமா? நாடகத் தந்தை சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) அல்லியையும் பவளக்கொடியையும் மேடையேற்றினார். ஊர்ஊராக விடியவிடிய அவை நடந்தன. எம்.கே. தியாகராஜ பாகவதர் திரைக்கு வந்த முதல் படம் 1934இல் வெளிவந்த ‘பவளக்கொடி’. தமிழ்த் திரையின் முதல் பெரும் நட்சத்திரம் ஒரு கிளைக்கதையின் கிளைக்கதையிலிருந்துதான் உதித்தது! இன்றும் ஒரு வீட்டில் பெண்ணின் சொல் ஓங்கினால் ‘அல்லி ராஜ்யம்’ என்கிறோம். சொல்கிறவர் கேலியாகத்தான் சொல்கிறார். கேலிக்காவது அந்தப் பெயரைத் தவிர வேறு பெயர் கிடைக்கவில்லை பாருங்கள்.

என் ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நடவுக்கும் களைக்கும் போய்க் குடும்பத்தைக் காத்தவள். இளவயதில் பக்கத்து வீட்டுத் தாத்தா ஒருவர் அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு ‘பெரிய எழுத்து அல்லி அரசாணி மாலை’ வாசிப்பாராம். வேலை முடிந்த பெண்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்களாம். சென்னையில் பி. இரத்தின நாயகர் கம்பெனி போன்றவை அச்சிட்டுச் சந்தைகளிலும் திருவிழாக்களிலும் விற்ற மலிவுப் புத்தகம் அது. எழுத்துப் பெரிதாக இருப்பதன் காரணம் எளியது. விளக்கு மங்கல், கண்ணும் மங்கல், படிப்போ புதிது. அந்த மூன்று குறையும் உள்ளவர்களை மனத்தில் வைத்து ஒருவர் நூல் அச்சிட்டிருக்கிறார் என்றால், அவரை நான் கல்வித் தொண்டர் என்றே சொல்வேன்.

2020இல் கொரோனா ஊரடங்கின்போது பள்ளி இல்லை. குற்றாலத்தில் சீசன் இல்லை. சீசன் மாதங்களில் அருவிக்கரையில் தள்ளுவண்டியில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் விற்கும் என் அப்பாவின் வண்டி, வீட்டுச் சுவரில் சாய்ந்து கிடந்தது. கையில் காசில்லாத அந்த மாதங்களில் பரணிலிருந்து அட்டை கிழிந்த அந்தப் புத்தகத்தை ஆச்சி எடுத்துக் கொடுத்தாள். பதினைந்து வயதில் நான் முதன்முதலாக ஒரு நூலை முழுமையாக வாய்விட்டுப் படித்தது அப்போதுதான். எந்த இடத்தில் தடுமாறினாலும் படிக்கத் தெரியாத ஆச்சி அடுத்த அடியைச் சொல்லித் திருத்துவாள். கல்லாதவள் என்று நான் எண்ணியிருந்தவள்தான் எனக்குப் பாடம் கேட்டுச் சொல்லும் ஆசிரியை ஆனாள்.

ஒரு செய்தியை மறைக்கக் கூடாது. அல்லியின் கதையில் எல்லாமே போற்றத்தக்கன அல்ல. கண்ணன் துணையோடு அருச்சுனன் பாம்பு வடிவில் அவள் படுக்கைக்கு வந்து, அவள் உறங்கும்போது தாலி கட்டிவிடுகிறான். இன்றைய அறிவுக்கு இது வஞ்சகம். அந்த இடம் வரும்போது ஆச்சி சிரிக்க மாட்டாள், “பாவி” என்பாள். பாடியவர் அருச்சுனனைப் பாராட்டிப் பாடினாலும் கேட்டவர்கள் அல்லியின் பக்கமே நின்றார்கள் என்பதற்கு அந்த ஒரு சொல் போதும். ‘கதை பழையது, கருத்துப் பிற்போக்கு’ என்று மூடி வைத்தால் அந்தப் ‘பாவி’ என்ற சொல்லையும் சேர்த்து மூடிவிடுகிறோம். மேடையில் வைத்துப் பேசினால்தானே வாதம் பிறக்கும்?

இனி நம் வீட்டு வாசலிலேயே இருக்கும் சான்றுக்கு வருகிறேன். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே மேலகரம். அவ்வூர்த் திரிகூடராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாடியது திருக்குற்றாலக் குறவஞ்சி. மதுரை நாயக்க மன்னர் முத்து விஜயரங்க சொக்கநாதர் அதற்காக அவருக்கு நிலமே வழங்கினார். அந்நிலத்துக்குக் ‘குறவஞ்சி மேடு’ என்று பெயர். சென்னைக் கலாக்ஷேத்திராவில் ருக்மிணிதேவி அமைத்த நாட்டிய நாடக வரிசையில் முதலாவது 1944இல் அரங்கேறிய இந்தக் குறவஞ்சிதான்.

இதன் தலைமைக் கதை என்ன? குற்றாலநாதர் பவனி வருகிறார். பந்தாடிக்கொண்டிருந்த வசந்தவல்லி கண்டு காதல் கொள்கிறாள். நிலவைப் பழிக்கிறாள், தோழியைத் தூது விடுகிறாள். தெய்வத்தின்மேல் ஒரு சீமாட்டி கொண்ட காதல். இதைவிடப் பெரிய தலைமைக் கதை வேறென்ன வேண்டும்? அங்கே குறி சொல்ல ஒரு குறத்தி வருகிறாள். வந்த வேலை நாலு நல்ல வார்த்தை சொல்லிப் பரிசு வாங்கிப் போவதுதான். நாடகத்தில் அவள் ஒரு துணைப்பாத்திரம்.

ஆனால் கவிராயர் அவளை அப்படி அனுப்பிவிடவில்லை. தன் மலையின் வளத்தை அவள் வாயாலேயே சொல்ல வைக்கிறார். அவள் போனபின் அவளைத் தேடி அவள் கணவன் சிங்கன் வருகிறான். கூடவே நூவன் என்றொரு கூட்டாளி. பறவை பிடிக்கக் கண்ணி வைக்கிறார்கள். மனம் வேலையில் செல்லவில்லை. சிங்கியைக் காணாமல் சிங்கன் ஊர்ஊராகத் தேடிக் கடைசியில் குற்றாலத்து வீதியில் அவளைக் காண்கிறான். கண்டவுடன் ஒரு சந்தேகம். காலில், கையில், கழுத்தில் புதுநகைகள்! ஒவ்வொன்றாகச் சுட்டிக் கேட்கிறான். அவளும் ஒவ்வொன்றுக்கும் சளைக்காமல் விடை சொல்கிறாள். எல்லாம் அவள் குறி சொல்லி ஈட்டிய கூலி. கதையாக அந்த நாடகம் முடிவது சிங்கனும் சிங்கியும் சேர்வதில்தான்.

இப்போது ஒரு கேள்வி. குறவஞ்சியைப் படித்தவர்களுக்கு எது நினைவில் நிற்கிறது? வசந்தவல்லியின் பெருமூச்சும் அழகுதான். ஆனால் பாடத்தை மறந்துவிட்டவர்களுக்கும் குறத்தி காட்டிய மலை நினைவிருக்கும். சிங்கன் சிங்கி பேச்சு நினைவிருக்கும். நூலுக்கே குறத்தியின் பெயர்தான் நின்றது. கோயிற் சன்னிதியில் பாடப்பட்ட நூலில், நகை வாங்கித்தர முடியாத கணவன், தானே சம்பாதித்து நகை போட்ட மனைவி, அதனால் வந்த சிறு சண்டை, சமாதானம் ஆகியவற்றுக்கு இடமிருந்தது. என் அம்மா பீடி சுற்றிச் சேர்த்த பணத்தில் ஒரு கம்மல் வாங்கியபோது எங்கள் வீட்டிலும் அப்பா அதே கேள்வியைக் கேட்டார். அம்மா அதே மிடுக்கோடு பதில் சொன்னாள். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு கவிராயர் எங்கள் வீட்டுப் பேச்சை எழுதி வைத்திருக்கிறாரே என்று வியந்தேன். வசந்தவல்லியின் மாளிகையில் எங்கள் வீடு எங்கே இருக்கிறது? சிங்கியின் கதையில் இருக்கிறது.

தாவரவியல் படிப்பவன் மரத்தைச் சொல்லாமல் போகலாமா? செடியின் நுனிமொட்டு ஆக்சின் என்னும் பொருளைச் சுரந்து பக்க மொட்டுகளை அடக்கி வைக்கிறது. இதை நுனி ஆதிக்கம் என்று படிக்கிறோம். நுனியைக் கிள்ளிவிட்டால் பக்க மொட்டுகள் விழிக்கும். செவ்வந்தி வளர்ப்போர் நுனியைக் கிள்ளுவது, கிளைத்து நிறையப் பூக்கட்டும் என்றுதான். ஹவுராவில் இந்தியத் தாவரவியல் பூங்காவில் உள்ள பெரிய ஆலமரத்தைப் படத்திலேனும் பார்த்திருப்பீர்கள். 1864, 1867ஆம் ஆண்டுப் புயல்களில் அடிபட்டுப் பூஞ்சணம் பற்றிய அதன் அடிமரத்தை 1925இல் வெட்டி எடுத்துவிட்டார்கள். மரம் சாகவில்லை. விழுதுகளின் பலத்தில் இன்றும் ஒரு தோப்புப்போலப் பரந்து நிற்கிறது. கிளைகள்தானே விழுதை இறக்கின? அடிமரத்தை மட்டும் காப்பாற்றினால் போதும் என்று அன்று கிளைகளையெல்லாம் கழித்திருந்தால் இன்று அங்கே இருப்பது வெறும் பள்ளம்.

மறுதரப்பின் நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். எல்லாக் கிளைக்கதையும் நல்ல கதை ஆகிவிடாது. நருட்டோவின் நிரப்புப் பகுதிகளுள் சில கொட்டாவி வரவழைப்பவை. ஓவியர் வரைந்து முடிக்கும்வரை காலத்தைக் கடத்த எடுத்தவை அவை. நம் தொலைக்காட்சி நெடுந்தொடர்களில் ஒரு காபிக் கோப்பையை மூன்று நாள் நீட்டிக் கொடுப்பதில்லையா? அப்படி வெறும் வியாபாரத்துக்காக இழுக்கும் இழுவையை நான் ஆதரிக்கவில்லை. நண்பன் பட்டியல் போட்டதிலும் பாதி நியாயம் உண்டு. தேர்வு நெருங்கும்போது 220 பகுதிகளையும் பார் என்று சொன்னால் அவன் அப்பா என்னைச் சும்மா விடமாட்டார்.

ஆனால் தாண்ட வேண்டியதையும் தங்க வேண்டியதையும் பிரிக்க, ‘இது மூலத்தில் உண்டா, இல்லையா?’ என்பது சரியான அளவுகோல் ஆகாது. என்னைக் கேட்டால் வேறொரு கேள்வியைக் கேட்பேன்: ‘பெரிய கதையில் வாய்திறக்க இடமில்லாத யாராவது இங்கே வாய்திறக்கிறார்களா?’ திறந்தால் அது நல்ல கிளை, நின்று கேட்போம். திறக்காமல் கதாநாயகனே இன்னொரு முறை சுற்றி வந்தால் அது இழுவை, தாராளமாகத் தாண்டுவோம். இந்த அளவுகோலில் குழம்புக்கடை மூதாட்டி தேறுகிறாள். அல்லி தேறுகிறாள். சிங்கி முதல் வகுப்பில் தேறுகிறாள்.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் என்று சிலர் கேட்கலாம். உண்மையைச் சொல்கிறேன். முதலாண்டு சேர்க்கையின்போது விண்ணப்பத்தில் ‘தந்தையின் கல்வித் தகுதி’ என்ற கட்டத்தை நிரப்ப நெடுநேரம் தயங்கினேன். முடிவில் ஒரு சிறு கோடு போட்டேன். ‘தாயின் கல்வித் தகுதி’க்கும் ஒரு கோடு. அந்தக் கோடுகளை நான் போட்டபோது, என் வீட்டார் கல்வி என்னும் பெரிய கதையில் வராதவர்கள் என்று நானே ஒப்புக்கொண்டேன். பிறகு நாடகப் பிரதியில் அல்லியின்மேல் போட்டதும் அதே கோடுதான். இரண்டாம் முறை போட்டபோது கை கூசவில்லை என்பதே என்னை உறுத்துகிறது. படித்தவர்கள் கூட்டத்தில் சேர்ந்துவிட்டோம் என்னும் மிதப்பில், என்னை வளர்த்த கதையையே ‘பாமரர் கட்டியது’ என்று சொன்னவர்முன் தலையாட்டினேன். ஆச்சி கேட்டது சரி. நேரம் இருந்தது. மனம்தான் இல்லை.

அரசு கலைக் கல்லூரி என்பதே நாட்டின் பெரிய கதையில் ஒரு கிளைக்கதை என்பது என் எண்ணம். பெரிய நகரத்துப் பெரிய நிறுவனங்களின் பெயரைச் சொன்னால் உலகுக்குத் தெரியும். நம்மைச் சொன்னால் ‘எங்கே இருக்கிறது?’ என்பார்கள். நடவு வயலிலிருந்தும் பீடித்தட்டிலிருந்தும் செங்கல் சூளையிலிருந்தும் வந்தவர்கள் இங்கே முதன்முறையாக வாய்திறக்கிறார்கள். நம்மைத் தாண்டிப் போகிறவர்கள்மீது கோபம் கொள்ளும் நாமே, நம்மினும் எளியவர்களின் கதையைத் தாண்டிப் போகலாமா?

ஆகவே இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறேன். முதலாவது, மாணவ நண்பர்களுக்கு. இந்தக் கோடை விடுமுறையில் உங்கள் வீட்டு மூத்தவர் ஒருவரிடம் உட்கார்ந்து ஒரு கதை கேளுங்கள். பெரிய கதை வேண்டாம். பெரிய கதையில் வராத கதையைக் கேளுங்கள். கையில்தான் அலைபேசி இருக்கிறதே, பதிவு செய்யுங்கள், எழுதி வாருங்கள். அடுத்த ஆண்டு மலரில் பத்துப் பக்கம் அவற்றுக்கு ஒதுக்க மலர்க்குழு மனம் வைக்க வேண்டும். இரண்டாவது, பேராசிரியப் பெருமக்களுக்கு. வரும் கல்லூரி நாளில் எங்களுக்குப் பன்னிரண்டே பன்னிரண்டு நிமிடம் தாருங்கள். நாடகப் பிரதி தயாராக இருக்கிறது. சிவப்புக் கோட்டை அழித்துவிட்டேன். தோழியிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். “வசனம் இன்னும் மறக்கல” என்றாள்.

அன்று முன்வரிசையில் ஓர் இருக்கை வேண்டும். ஆச்சியை அழைத்து வருவதாகச் சொல்லியிருக்கிறேன். அல்லி மேடைக்கு வந்து எங்காவது வசனத்தில் தடுமாறினால், அடுத்த அடியை எடுத்துக்கொடுக்கக் கீழே ஆள் இருப்பது நல்லதுதானே!